பத்து கஜம், ஒரு கண்ணி

பெயர்தான் ஃபுட்பால்.
காலுக்கு அதில் பெரும்பாலும் ஓடுகிற வேலைதான்.
நான்கு முயற்சிக்குள் பந்து பத்து கஜம் போகவேண்டும்,
போகாவிட்டால் எதிரிக்கு.
போனதா என்று சந்தேகம் வந்தால்
நடுவர் எங்களைப் பார்த்துக் கை அசைப்பார்.
அளவுச் சங்கிலியின் ஒரு முனைக் கம்பு என்னுடையது,
மறுமுனை தபால்காரர் லூதர் ஹேசல்டனுடையது.
இருபத்தாறு வருடம்.
சம்பளம் ஒரு ஹாட் டாக், ஒரு காபி.

பகலில் நான் கம்பளம் அளந்து வெட்டுகிறவன்.
இங்கேயே சொல்லிவைக்கிறேன், பின்னால் வரும்.

ஒஹையோவில் எங்கள் ஊரை ஆறு இரண்டாகப் பிளக்கிறது,
பாலம் ஒன்றே ஒன்று.
கிழக்குப் பள்ளிக்கு டென்ஹாம், மேற்குப் பள்ளிக்கு பெலூச்சி.
பெலூச்சி கத்துவார், தொப்பியைத் தரையில் அடிப்பார்,
பிறகு தானே குனிந்து எடுத்துத் தட்டிப் போட்டுக்கொள்வார்.
டென்ஹாம் பல்குச்சியைக் கடித்தபடி நிற்பார்.
அது வாயின் இடமிருந்து வலத்துக்கு நகர்ந்தால்
பையன்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

வேடிக்கை என்னவென்றால்
டென்ஹாம் குடியிருந்தது மேற்குக் கரையில், மாமனார் கொடுத்த வீடு.
ஆட்ட வாரத்தில் அவர் வாசல் மேப்பிள் மரத்தில்
இலையைவிடக் கழிப்பறைக் காகிதம் அதிகம் தொங்கும்.
அவர் மனைவி ஏணி போட்டு அதைக் கிழியாமல் சுருட்டுவாள்,
ஈஸ்டர் வரைக்கும் வாங்கவேண்டாம் என்பாள்.

எண்பத்தேழு. மழை.
மேற்கு 13, கிழக்கு 10, மிச்சம் நாற்பது விநாடி.
நான்காவது முயற்சி.
கிழக்கின் டுவெய்ன் ஸ்டோக்கர் பந்தோடு சேற்றில் விழுந்தான்,
அவன்மேல் ஏழு பேர்.
ஒவ்வொருவராக உரித்தெடுத்துவிட்டு
நடுவர் கை அசைத்தார்.
நானும் லூதரும் சவப்பெட்டி தூக்குகிறவர்கள் மாதிரி
அடி பிசகாமல் நடந்தோம்.
நீட்டினோம். இழுத்தோம்.
பந்தின் மூக்குக்கும் கம்புக்கும் நடுவே
என் கட்டைவிரல் அகலம்.

நாலாயிரம் பேர் மூச்சைப் பிடித்தது எனக்குக் கேட்டது.
மூச்சுப் பிடிப்பது கேட்குமா என்றால்
கேட்கும்.

டென்ஹாம் நடு மைதானம்வரை போய்க் கை கொடுத்தார்.
குச்சி அசையவில்லை.

மறு ஆகஸ்டில் துரு துடைக்க
சங்கிலியை என் பட்டறைக்குக் கொண்டுவந்தேன்.
டேப் பக்கத்தில் கிடந்தது. கை சும்மா இருக்குமா?
தரையில் ஆணி அடித்து, ஒரு முனையை மாட்டி, இழுத்து அளந்தேன்.
முப்பது அடி, இரண்டு அங்குலம்.
அறுந்த இடத்தில் யாரோ எப்போதோ
ஒரு கண்ணி கூடுதலாகக் கோத்திருந்தார்கள்.
மூன்று முறை அளந்தேன்.
வெட்டி எடுத்து, மீதியை இணைத்து,
அந்தக் கண்ணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.
பதினோரு வருடம் வாய் திறக்கவில்லை,
லூதரிடம்கூட.

டென்ஹாம் ஓய்வுபெற்ற வாரம்
அவர் சமையலறை மேசைமேல் அதை வைத்தேன்.
சொல்ல ஆரம்பித்தேன்.
“தெரியும்,” என்றார்.
“மறுநாள் விடியும் முன்பே கொட்டகையைத் திறந்து
சங்கிலியை வெளியே இழுத்துப்போட்டு அளந்தாயிற்று.”

ஏன் சொல்லவில்லை?

“எண்பத்துநாலில் மேற்குப் பையன் ஒருவன்
அரை அங்குலத்தில் நின்றுபோனான், ஞாபகமிருக்கிறதா?
சங்கிலி இதேதான்.
அந்தக் கோப்பை என் பள்ளி அலமாரியில் இருக்கிறது,
போய்ப் பார்.”

நான் கம்பளக்காரன்.
முப்பது அடியை, இருட்டில், மழைச் சேற்றில்,
ஆணி அடிக்க இடமில்லாத புல்தரையில்
தனியாள் அளக்க முடியாது.
மறுமுனையை யார் பிடித்தது என்று கேட்டேன்.

டென்ஹாம் கண்ணியை என் பக்கம் தள்ளிவைத்தார்.
பல்குச்சி இடமிருந்து வலத்துக்கு நகர்ந்தது.
“தொப்பி நனைகிறது, சீக்கிரம் அள என்று
கத்திக்கொண்டே பிடித்தான்.”